ஆறு குழந்தையா, பன்னிரண்டா? கலிபோர்னியாவில் வீட்டிலேயே டேகேர் தொடங்க நினைப்பவர்களுக்கு

ஃப்ரீமான்ட்டில் எலிசபெத் ஏரியைச் சுற்றி மாலை நடைக்குப் போனால், மாதத்துக்கு ஒருவராவது என்னை நிறுத்திக் கேட்டுவிடுவார். "அக்கா, வீட்டிலேயே டேகேர் ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். லைசென்ஸ் எடுக்கணுமா? எடுத்தா சின்னதா, பெருசா?" நடந்துகொண்டே சொல்லி முடிக்கிற விஷயமா இது? சின்ன லைசென்ஸ் என்றால் பொதுவாக ஆறு குழந்தை, பெரியது என்றால் பன்னிரண்டு. ஏழு வருடமாக இதே ஊரில் சின்ன லைசென்ஸில் டேகேர் நடத்துகிறேன். நடுவில் ஒருமுறை பெரிய லைசென்ஸுக்குப் படிவம் முழுக்க நிரப்பிவிட்டு, அனுப்பாமல் இழுப்பறையில் போட்டேன். ஏன் என்பதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன். இனி ஏரிக்கரையில் மூச்சு வாங்காமல் நடக்கலாம்.

எல்லாரும் முதலில் கேட்பது "மொத்தம் எத்தனை பிள்ளைங்க எடுக்கலாம்?" என்றுதான். நான் திருப்பிக் கேட்பது, "அதில் ரெண்டு வயசு நிறையாதது எத்தனை?" கலிபோர்னியா விதிகளில் இரண்டாவது பிறந்தநாள் வராத எல்லாக் குழந்தையும் கைக்குழந்தைக் கணக்கு. உங்கள் வருமானம், இடுப்பு வலி, ஆய்வுக்கு வருபவர் முதலில் எண்ணிப் பார்ப்பது, எல்லாம் அந்தச் சின்ன எண்ணைச் சுற்றித்தான் ஓடுகின்றன.

அதற்கும் முன்னால் விசா

இதைச் சொன்னால் சிலருக்கு முகம் சுருங்கும். பரவாயில்லை. டேகேர் லைசென்ஸ் கொடுப்பது மாநிலம். வேலை செய்யலாமா என்று முடிவு செய்வது மத்திய அரசு. இரண்டுக்கும் தொடர்பில்லை. எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்துக்கானது) இருப்பவர், கையில் ஈஏடி என்ற வேலை அனுமதி அட்டை இல்லாமல், சொந்த வீட்டில் காசு வாங்கிக் குழந்தை பார்த்தாலும் அது வேலைதான். "வீட்டிலதானே இருக்கேன்" என்பது செல்லாது. 2015 மே மாதத்திலிருந்து, கிரீன் கார்டு வழியில் ஒரு கட்டம் தாண்டிய எச்-1பி ஊழியர்களின் துணைவருக்கு ஈஏடி கிடைக்கிறது. அது இருந்தால் சுயதொழிலும் செய்யலாம், டேகேரும் நடத்தலாம். ஆனால் அட்டை காலாவதியாகும் தேதியை நாட்காட்டியில் சிவப்பில் வட்டமிட்டு வையுங்கள். புதுப்பித்தல் தள்ளிப்போனால் ஆறு குடும்பங்களுக்குப் பதில் சொல்ல வேண்டிவரும்.

கணவர் எச்-1பி என்றால் அவரை உதவியாளராகக் காட்ட முடியாது. ஊரிலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருக்கும் அம்மாவையும் காட்ட முடியாது, அவர் வந்தது சுற்றுலா விசாவில். இது பின்னால் பெரிய லைசென்ஸைப் பேசும்போது மறுபடி தலைகாட்டும்.

லைசென்ஸ் இல்லாமலே நடத்தலாமா?

நடத்தலாம், ஒரே ஒரு வழியில். உங்கள் சொந்தப் பிள்ளைகளோடு வேறு ஒரே ஒரு குடும்பத்தின் குழந்தைகளை மட்டும் பார்த்துக்கொண்டால் லைசென்ஸ் தேவையில்லை. அந்தக் குடும்பத்தில் இரட்டைக் குழந்தையும் ஒரு அக்காவும் இருந்தாலும் சரி, குடும்பம் ஒன்றுதான். அண்ணன் பிள்ளை, தங்கை பிள்ளை என்று உறவுக்காரக் குழந்தைகளைப் பார்ப்பதும் விலக்கில் வருகிறது.

நம்மவர்கள் சறுக்குவது இரண்டாவது குடும்பத்தில். எதிர்வீட்டுக் குழந்தையோடு தொடங்குவார்கள். அவர்கள் நண்பர் ஒருவர், "செவ்வாய், வியாழன் மட்டும், ப்ளீஸ்" என்பார். அந்த இரண்டு நாளில் இரண்டு குடும்பத்துப் பிள்ளைகள் ஒன்றாக இருந்தால் அது லைசென்ஸ் இல்லாத டேகேர். யாராவது புகார் கொடுத்தால் அதிகாரி வந்து கதவைத் தட்டுவார். நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்த பிறகும் நடத்தினால் நாள்கணக்கில் அபராதம் ஏறும். அபராதத்தைக்கூட விடுங்கள். ஒரு குழந்தை விழுந்து பல் உடைந்தது என்று வையுங்கள், வீட்டுக் காப்பீட்டுக்காரர் முதலில் கேட்பது லைசென்ஸைத்தான்.

ஒரு குடும்பம் என்ற எல்லைக்குள் நிற்பவர்களுக்கு நான் சொல்வது ட்ரஸ்ட்லைன். லைசென்ஸ் தேவைப்படாத பராமரிப்பாளர்களுக்காகவே மாநிலம் வைத்திருக்கும் பதிவேடு அது. கைரேகை கொடுத்தால் மாநில நீதித்துறைப் பதிவு, எஃப்பிஐ பதிவு, குழந்தை வதைப் பதிவு மூன்றிலும் உங்கள் பெயரைத் தேடிப் பார்ப்பார்கள். தனியார் குடும்பத்துக்கு அது கட்டாயம் இல்லை. ஆனால் அரசு மானியத்தில் பணம் வரும் குடும்பம் என்றால், தாத்தா பாட்டி, சித்தப்பா அத்தை மாதிரி நெருங்கிய உறவு தவிர மற்றவர்கள் பதிந்தே ஆக வேண்டும். கட்டாயம் இல்லாதவர்களும் பதிந்து வைத்தால், அடுத்த குடும்பத்திடம் பேசும்போது பத்து வார்த்தை மிச்சம்.

இந்த வழியின் நல்லது அதன் அமைதி. ஆய்வு இல்லை, கட்டணம் இல்லை. கெட்டதும் அதிலேயே இருக்கிறது. அந்த ஒரே குடும்பம் டெக்ஸாஸுக்கு வீடு மாற்றினால் அன்றோடு வருமானம் பூஜ்யம். முதல் பதினான்கு மாதம் நான் இப்படித்தான் இருந்தேன், அவர்கள் ஆஸ்டினுக்குப் போனார்கள். அடுத்த வாரமே லைசென்ஸ் அறிமுக வகுப்பில் பெயர் கொடுத்தேன்.

சின்ன லைசென்ஸ்: ஆறு என்பது எப்போதும் ஆறு இல்லை

சின்ன லைசென்ஸில் மூன்று விதமாகக் குழந்தைகளை அடுக்கலாம். எல்லாமே கைக்குழந்தைகள் என்றால் நான்கு பேர். கலந்து என்றால் ஆறு பேர், அதில் கைக்குழந்தை மூன்றுக்கு மேல் கூடாது. ஏழு அல்லது எட்டு வேண்டுமென்றால், அதில் ஒரு பிள்ளையாவது கிண்டர்கார்டனுக்கோ தொடக்கப் பள்ளிக்கோ போய்க்கொண்டிருக்க வேண்டும், இன்னொரு பிள்ளைக்கு ஆறு வயதாவது ஆகியிருக்க வேண்டும், கைக்குழந்தை இரண்டுக்கு மேல் கூடாது. எட்டு பேர் இருக்கப்போவதைப் பெற்றோர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். வாடகை வீடு என்றால் உரிமையாளரின் எழுத்து மூலமான சம்மதமும் வேண்டும்.

அப்புறம்தான் எல்லாரும் அதிரும் இடம். உங்கள் வீட்டில் வசிக்கும், பத்து வயது நிறையாத உங்கள் சொந்தப் பிள்ளைகளும் இந்த எண்ணிக்கைக்குள் வருவார்கள்.

உங்களுக்கு ஒன்றரை வயதில் ஒரு பையன், முதல் வகுப்பில் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். பெண் பள்ளியில் இருக்கும் நேரத்தில் ஆறில் ஒன்று உங்கள் பையன், அவனே கைக்குழந்தை. அப்படியென்றால் வெளியிலிருந்து ஐந்து பேர், அதில் கைக்குழந்தை இரண்டு. மதியம் பெண் வந்துவிட்டால் வெளிக்குழந்தை நான்குதான். கோடை விடுமுறையில் நாள் முழுக்க நான்கு. ஜூன் மாதத்தில் யாரை "நாளையிலிருந்து வரவேண்டாம்" என்பீர்கள்? அதனால் ஆண்டு முழுக்க நான்கு என்றே கணக்குப் போட வேண்டும். பையனுக்கு இரண்டு வயது முடிந்த மறுநாள் மொத்த எண் மாறாது, ஆனால் ஒரு கைக்குழந்தை இடம் திறக்கும். நான் என் மகன் பிறந்தநாளை அந்தச் சந்தோஷத்தோடும் கொண்டாடினேன். இது தாய்மைக்கு அழகா என்று கேட்காதீர்கள்.

விண்ணப்பக் கட்டணம் 73 டாலர், ஆண்டுக் கட்டணமும் அவ்வளவே. பெரியதுக்கு 140. இந்தத் தொகையைப் பார்த்து யாரும் முடிவெடுப்பதில்லை, அடுத்ததற்குப் போகலாம்.

இரண்டு லைசென்ஸுக்கும் பொதுவான கெடுபிடிகள்

சின்னது எடுத்தால் விதி தளர்வாக இருக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. பாதுகாப்பு, உடல்நலம் விஷயத்தில் டைட்டில் 22 என்ற விதித் தொகுப்பு இரண்டுக்கும் பெரும்பாலும் ஒன்றுதான். அதில் நம் வீடுகளில் இடறும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது தூக்கம். என் அம்மா முதல்முறை வந்தபோது பெட்டியில் ஒரு பழைய நூல்சேலை கொண்டுவந்தார். தூளி கட்டத்தான். அந்த ஆட்டத்தில் உறங்காத பிள்ளை உலகத்தில் இல்லை, எனக்கும் தெரியும். ஆனால் 2020-இல் வந்த பாதுகாப்பான உறக்க விதிகளின்படி தானாக ஏறி வெளியே வர முடியாத ஒவ்வொரு கைக்குழந்தைக்கும் தனித்தனி கிரிப் (தடுப்பு வைத்த குழந்தைக் கட்டில்) அல்லது பேக் அண்ட் ப்ளே (மடக்கி வைக்கும் கட்டில்) வேண்டும். இழுத்து விரித்த விரிப்பு ஒன்று மட்டும். தலையணை, போர்வை, பொம்மை எதுவும் உள்ளே கூடாது. துணியால் சுற்றிக் கட்டித் தூங்க வைக்கக் கூடாது. மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். 15 நிமிடத்துக்கு ஒருமுறை அருகில் போய் மூச்சு, நிறம், உடல் சூடு பார்த்து, நேரத்தை எழுதி வைக்க வேண்டும். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குப் பெற்றோர் கையெழுத்திட்ட உறக்கத் திட்டம் தனியாக வேண்டும். கார் சீட்டிலேயே தூங்கி வந்தாலும் எடுத்துக் கிரிப்பில் போட்டாக வேண்டும், எழுந்துவிட்டால் அது உங்கள் தலையெழுத்து.

இதை வைத்தும் கைக்குழந்தை எண்ணிக்கையை யோசியுங்கள். மூன்று கைக்குழந்தைகள் ஆளுக்கு ஒரு நேரத்தில் தூங்கினால், காலை ஒன்பதிலிருந்து மாலை நான்கு வரை அந்தப் 15 நிமிட மணி உங்கள் காதில் அடித்துக்கொண்டே இருக்கும்.

சக்கரம் வைத்த பேபி வாக்கர் டேகேரில் தடை. குழந்தையை உள்ளே உட்கார வைத்து உருட்டும் அந்த வட்டச் சாமானைச் சொல்கிறேன். நம் மர நடைவண்டி அந்த ரகத்தில் வராது, குழந்தை அதைப் பிடித்துத் தள்ளிக்கொண்டுதான் போகும். ஆய்வுக்கு வந்தவர் என் வீட்டு நடைவண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அழகாக இருக்கிறது" என்று மட்டும் சொன்னார்.

ஐந்து வயதுக்குக் கீழ் பிள்ளைகள் இருந்தால் மாடிப்படியை அடைக்க வேண்டும். ஃப்ரீமான்ட், டப்ளின், மில்பிட்டாஸ் பக்கம் புதிதாக வரும் டவுன்ஹோம்களில் கீழே கார் ஷெட், நடுவில் சமையலறையும் கூடமும், மேலே படுக்கையறை. குழந்தை உள்ளே வருவதே படி ஏறித்தான். மேலும் கீழும் இரண்டு கேட் போட்டால் விதி நிறைவேறும். ஆனால் ஆறு குழந்தைகளைத் தீ ஒத்திகையில் இந்தப் படி வழியாக இறக்கிப் பாருங்கள், புரியும். ஒத்திகை ஆறு மாதத்துக்கு ஒருமுறை, தேதியோடு எழுதி வைக்க வேண்டும். தீயணைப்பான், ஸ்மோக் டிடெக்டர், கார்பன் மோனாக்ஸைடு டிடெக்டர் கட்டாயம். விஷத்தன்மை உள்ளவற்றுக்குப் பூட்டு வேண்டும், "எட்டாத உயரம்" போதாது. துப்பாக்கி இருந்தால் அதுவும் பூட்டுக்குள். கணப்பு அடுப்புக்குத் தடுப்பு. பின்கட்டில் நீச்சல்குளம் இருந்தால் குறைந்தது 5 அடி வேலியும் தானாக மூடிக்கொள்ளும் கதவும். என்னுடைய முதல் ஆய்வில் எழுதப்பட்ட ஒரே குறை, குளியலறை அலமாரியில் பூட்டில்லாமல் இருந்த பாத்ரூம் கழுவும் திரவம். சமையலறை முழுக்கப் பூட்டுப் போட்டவளுக்கு அதுதான் கண்ணில் படவில்லை.

அடுத்தது டிபி, அதாவது காசநோய்ப் பரிசோதனை. நம்மில் பெரும்பாலோருக்கு மேற்கையில் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசியின் தழும்பு இருக்கிறது. தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் சோதனையில் அந்தத் தடுப்பூசியாலேயே "பாசிட்டிவ்" என்று வீங்கிக்கொள்ளலாம். உடனே எக்ஸ்ரே, அலைச்சல். மருத்துவரிடம் முதலிலேயே பிசிஜி போட்டதைச் சொல்லி, ரத்தத்தில் பார்க்கும் சோதனையைக் கேளுங்கள், அதில் பிசிஜி குழப்பாது. தட்டம்மை, கக்குவான் இருமல் தடுப்பூசிச் சான்றும் வேண்டும். ஊரில் போட்டதற்கு அட்டை இல்லையென்றால் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி பார்க்கலாம், அல்லது மறுபடி ஊசி போட்டுக்கொள்ளலாம். ஃப்ளூ ஊசியை மட்டும் எழுதிக் கொடுத்து மறுக்கலாம். குழந்தைகள் பக்கம், 2016-லிருந்து "எங்கள் நம்பிக்கைக்கு ஒத்துவராது" என்ற காரணம் சொல்லித் தடுப்பூசியைத் தவிர்க்க வழியில்லை, வீட்டு டேகேருக்கும் சேர்த்துத்தான்.

முதலுதவியும் சிபிஆரும் (நின்ற மூச்சையும் இதயத்தையும் மீட்கும் முதலுதவி) சேர்த்து நோய்த்தடுப்பு, உணவு எல்லாமாக 16 மணி நேரப் பயிற்சி. முதலுதவி அட்டையை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். குழந்தை வதையைக் கண்டால் தெரிவிக்கும் கடமை பற்றிய பயிற்சி இணையத்தில் இலவசம், அதுவும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை.

கைரேகை உங்களுக்கு மட்டும் இல்லை. வீட்டில் வசிக்கும் 18 வயது தாண்டிய எல்லாருக்கும். மாடி அறையை வாடகைக்கு விட்டிருந்தால் அந்தப் பையனுக்கும் சேர்த்து. ஆறு மாதம் வந்து தங்கும் அப்பா அம்மாவை "விருந்தாளிகள்" என்று சொல்லி நழுவ நினைக்காதீர்கள். டிக்கெட் போடும்போதே உங்கள் லைசென்சிங் அதிகாரிக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்டுவிடுங்கள். அவர்கள் சிடுசிடுப்பவர்கள் என்று ஒரு பேச்சு இருக்கிறது. முன்கூட்டிக் கேட்பவர்களிடம் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை.

காப்பீடு விஷயத்தில் விதி ஒரு சந்து விட்டிருக்கிறது. ஒரு சம்பவத்துக்கு 100,000, ஆண்டுக்கு 300,000 டாலர் பொறுப்புக் காப்பீடு எடுக்கலாம். எடுக்காவிட்டால், "இவர்களிடம் காப்பீடு இல்லை, எங்களுக்குத் தெரியும்" என்று ஒவ்வொரு பெற்றோரிடமும் கையெழுத்து வாங்கி வைத்தால் போதும். அந்தச் சந்தில் போகாதீர்கள். கையெழுத்து ஆய்வுக்கு உதவும், வழக்குக்கு உதவாது.

பெரிய லைசென்ஸ்: கூட்டிப் பார்த்தால் ஒன்றுதான் கூடுகிறது

பெரிய லைசென்ஸில் 12 பேர், கைக்குழந்தை நான்குக்கு மேல் கூடாது. 14 என்றால் மறுபடி அந்தப் பள்ளிப் பிள்ளை, ஆறு வயதுப் பிள்ளை நிபந்தனைகள் வரும், கைக்குழந்தை மூன்றாகக் குறையும்.

நிதானமாகப் பாருங்கள். ஆறு பன்னிரண்டாகிறது. கைக்குழந்தை மூன்றிலிருந்து நான்காகிறது. இரண்டு மடங்கு கூட்டம், கைக்குழந்தை ஒன்றே ஒன்று கூடுதல். ஆனால் எங்கள் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் அம்மாக்கள் வயிற்றில் இருக்கும்போதே பெயர் எழுதி வைத்துக் காத்திருப்பது கைக்குழந்தை இடத்துக்கு. கட்டணம் அதிகம் கிடைப்பதும் அதற்குத்தான். பெரிய லைசென்ஸ் உங்களுக்குப் புதிதாகக் கொடுப்பது பெரும்பாலும் இரண்டிலிருந்து நான்கு வயது வரையிலான இடங்கள்.

அந்த வயதில்தான் இப்போது போட்டி. 2025-26 கல்வியாண்டிலிருந்து, செப்டம்பர் 1-க்குள் நான்கு வயது நிறையும் எல்லாக் குழந்தைக்கும் அரசுப் பள்ளியில் டிகே வகுப்பு (கிண்டர்கார்டனுக்கு முந்தைய வகுப்பு) இலவசம். நான்கு வயதுப் பிள்ளைகள் ஆகஸ்டில் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். மூன்று வயதுக்காரர்களை இழுக்கப் ப்ரீஸ்கூல்கள் இருக்கின்றன. ஆக, உங்கள் கையில் உறுதியாக நிற்பது இரண்டு வயதும் இரண்டரை வயதும்.

இனி உதவியாளர். ஆறுக்கு மேல், அல்லது எட்டு விதியில் எட்டுக்கு மேல் போகும் நேரமெல்லாம் இன்னொருவர் கூட இருந்தே ஆக வேண்டும். அவர் வராத அன்று, லைசென்ஸ் பெரிதாக இருந்தாலும் எண்ணிக்கை சின்ன லைசென்ஸ் அளவுக்குத் திரும்பிவிடும். காலை ஏழே முக்காலுக்கு "காய்ச்சல், இன்னிக்கு வரல" என்று செய்தி வந்தால், காரில் குழந்தையோடு வந்து நிற்கும் ஆறு பெற்றோரைத் திருப்பி அனுப்ப வேண்டும். விதிப்படி உதவியாளருக்கு 14 வயது ஆனால் போதும், ஆனால் 18 ஆகாதவரிடம் பிள்ளைகளைத் தனியாக விட்டுவிட்டு நகர முடியாது. நடைமுறையில் உங்களுக்கு வேண்டியது கைரேகை, தடுப்பூசி, முதலுதவி அட்டை எல்லாம் உள்ள, வேலை அனுமதி உள்ள, காலை எட்டுக்கு வந்து சேரும் ஒரு பெரியவர். அம்மாவும் கணவரும் ஏன் அந்த இடத்தை நிரப்ப முடியாது என்று மேலே சொல்லிவிட்டேன். உதவியாளரின் பத்து வயதுக்குக் கீழான பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் அதுவும் எண்ணிக்கையில் சேரும்.

காசுக் கணக்கு ஒன்று போடுவோம். தொகைகள் என் கற்பனை, உங்கள் தெருவுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். கைக்குழந்தைக்கு மாதம் 2,000 டாலர், பெரிய பிள்ளைக்கு 1,600. சின்ன லைசென்ஸ் நிறைந்தால் மூன்றும் மூன்றும், 10,800. பெரியது 12-ம் நிறைந்தால் நான்கும் எட்டும், 20,800. கண் பளிச்சிடும். இப்போது உதவியாளருக்குக் கொடுங்கள். 2025-இல் மாநிலக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 16.50 டாலராக இருந்தது. ஃப்ரீமான்ட், சன்னிவேல் போன்ற ஊர்களில் அதைவிடக் கூடுதல். நாளுக்குப் பத்து மணி நேரம் வைத்தால் எட்டுக்கு மேற்பட்ட இரண்டு மணிக்கு ஒன்றரை மடங்கு. மாநிலக் கூலியிலேயே மாதம் 3,900 டாலர் தாண்டும். உங்கள் பங்கு வரி, ஊழியர் விபத்துக் காப்பீடு எல்லாம் சேர்த்து 4,400 என்று வைப்போம். பெரிய லைசென்ஸில் எட்டுப் பேர் மட்டும் சேர்ந்தால் 14,400-இல் 4,400 போய் மிச்சம் 10,000. சின்ன லைசென்ஸைவிடக் குறைவு! ஒன்பதாவது பிள்ளை வந்த பிறகுதான் மிச்சம் 11,600 ஆகிச் சின்னதைத் தாண்டுகிறது, அதுவும் 800 டாலர். அந்த 800-க்கு மூன்று பிள்ளைகளின் சாப்பாடு, டயாபர், சளி எல்லாம் கூடுதல். பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று எப்போதும் நிறைத்து வைத்திருக்க முடிந்தால்தான் பெரிய லைசென்ஸ் பலன் தரும். நான் படிவத்தை இழுப்பறையில் போட்டது இந்தக் கணக்குப் போட்ட இரவில். ஆறாவது இடம்கூட அந்த வருடம் இரண்டு மாதம் காலியாக இருந்தது.

பெரியதுக்குத் தீயணைப்புத் துறையின் அனுமதியும் வேண்டும். சின்ன லைசென்ஸ் நடத்திய ஒரு வருட அனுபவமோ, அதற்கு ஈடான டேகேர் மைய நிர்வாக அனுபவமோ கேட்பார்கள். ஆகவே பெரும்பாலானோருக்குப் "பெரியதா சின்னதா" என்ற கேள்வி முதல் வருடம் எழுவதே இல்லை.

வாடகை வீடு, ஹெச்ஓஏ, நகராட்சி

இங்கே வதந்திதான் அதிகம். "ஹெச்ஓஏ விடாது" என்று, அதாவது குடியிருப்பின் வீட்டு உரிமையாளர் சங்கம் விடாது என்று சொல்லிப் பாதிப்பேர் கனவைக் கைவிடுகிறார்கள். 2020 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள எஸ்பி 234 சட்டப்படி, சின்னதோ பெரியதோ, லைசென்ஸ் பெற்ற வீட்டு டேகேர் என்பது வீடாகவே கருதப்படும். நகராட்சி அதற்கென்று தனி அனுமதியோ தொழில் உரிமமோ கேட்க முடியாது. அபார்ட்மென்டும் இதில் அடக்கம். வீட்டு உரிமையாளரோ ஹெச்ஓஏவோ டேகேர் நடத்தக்கூடாது என்று தடை போட முடியாது. வாடகைக்காரர் தொடங்குவதற்கு 30 நாள் முன்பு எழுத்தில் தெரிவித்தால் போதும். வீட்டு உரிமையாளர் முன்பணத்தைக் கூட்டிக் கேட்கலாம். ஆறுக்கு மேல் ஏழு, எட்டு என்று போக மட்டும் மேலே சொன்ன அவருடைய சம்மதம் வேண்டும்.

சட்டம் உங்கள் பக்கம் என்றாலும், பார்க்கிங்கில் காலை எட்டுக்கு ஏழு கார் நின்றால் பக்கத்து வீட்டுக்காரர் முகம் எப்படி மாறும் என்று சட்டத்தில் எழுதவில்லை. ஆறு குழந்தைக்கு எங்கள் தெரு பொறுத்துக்கொண்டது. பன்னிரண்டுக்குப் பொறுக்காது என்று எனக்குத் தெரியும்.

யாருக்கு எது

ஈஏடி இன்னும் வராதவர்கள் எந்த வழியும் யோசிக்க வேண்டாம். அறிமுக வகுப்பையும் முதலுதவிப் பயிற்சியையும் முடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடைசிப் பிள்ளைக்கு இரண்டு வயது ஆகவில்லை என்றால், ஒரு குடும்பத்தோடு ஒரு வருடம் ஓட்டுவது புத்திசாலித்தனம். சின்ன லைசென்ஸில் உங்கள் பிள்ளையே கைக்குழந்தை இடத்தை அடைத்துக்கொண்டிருப்பான், ஆய்வுச் சுமை மட்டும் முழுதாக இருக்கும். அவன் இரண்டு வயதைத் தொடுவதற்கு நான்கைந்து மாதம் முன்பு விண்ணப்பியுங்கள்.

மற்ற பெரும்பாலானோருக்கு என் கை சின்ன லைசென்ஸையே காட்டும். முக்கியமாகத் தனியாக நடத்துபவர்களுக்கு. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள், டேகேர் நேரத்தில் 80 சதவீதமாவது லைசென்ஸ் வைத்திருப்பவர் வீட்டில் இருக்க வேண்டும். உங்கள் பெண்ணின் பரதநாட்டிய வகுப்பு, பையனின் பல் மருத்துவர் எல்லாம் அந்த மிச்ச 20-க்குள். நீங்கள் இல்லாத நேரம் பார்த்துக்கொள்பவருக்கும் கைரேகையும் முதலுதவி அட்டையும் வேண்டும்.

பெரியது யாருக்கு? தரைத்தள வீடு, பின்புறம் முற்றம், கிரீன் கார்டோ குடியுரிமையோ உள்ள அக்கா தங்கை அல்லது நாத்தனார் பங்காளியாக நிற்கத் தயார், காத்திருப்போர் பட்டியலில் குறைந்தது நான்கு பெரிய பிள்ளைகளின் பெயர். இந்த நான்கும் இருந்தால் தயங்காதீர்கள். என் தோழி ஒருத்தி தன் நாத்தனாரோடு யூனியன் சிட்டியில் அப்படித்தான் நடத்துகிறாள், இருவரும் இன்னும் பேசிக்கொள்கிறார்கள்.

எதை எடுத்தாலும் ரொக்கமாக வாங்கி ரசீது இல்லாமல் ஓட்டலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். பெற்றோர் தங்கள் வரிச் சலுகைக்கு உங்கள் வரி எண்ணைக் கேட்பார்கள், கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. நீங்களும் முறைப்படி கணக்குக் காட்டினால், வீட்டில் எவ்வளவு இடத்தை எத்தனை மணி நேரம் டேகேருக்குப் பயன்படுத்துகிறீர்களோ அந்த விகிதத்தில் வாடகை, மின்சாரம், தண்ணீர் எல்லாவற்றையும் செலவாகக் கழிக்கலாம்.

ஆய்வாளர் முன்னறிவிப்பு இல்லாமல்தான் வருவார். குழந்தைக்கு உடனடி ஆபத்து என்று அவர் கருதும் குறை டைப் ஏ. அதைக் கதவருகே 30 நாள் ஒட்டி வைக்க வேண்டும், பெற்றோர் கையிலும் கொடுக்க வேண்டும், இணையத்திலும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஒரு கைக்குழந்தை கூடுதலாக இருந்ததற்காக அப்படி ஒரு தாள் ஒட்டிய கதவை நான் பார்த்திருக்கிறேன். அவருக்கு லைசென்ஸ் ஆறுக்கு, அன்று வீட்டில் இருந்ததும் ஆறுதான். ஆனால் அதில் நான்கு பேருக்கு இரண்டு வயது நிறையவில்லை. நான்காவது குழந்தைக்குப் பிறந்தநாள் அடுத்த வாரம்.